சின்ன பிளேனில் வீட்டுக்காரருக்கு வாந்தி வராமல் பழக்குவது எப்படி

இலங்கை மலைநாட்டில், காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை செய்கிறேன். தண்ணீரில் இறங்கி ஏறும் சின்ன பிளேனில் கொழும்புப் பக்கம் போகிறவர்களை இறங்குதுறை வரை கூட்டிப்போய் ஏற்றிவிடுவதும் என் வேலைதான். ஜோடியாக வருகிறவர்களில் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவார். மற்றவர் முகம் ஏறுவதற்கு முன்பே வெளிறிப்போயிருக்கும்.

என் வீட்டுக்காரர் இரண்டாவது ரகம். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வரை வேனில் போனாலே பையைத் தேடுவார். அவரை அந்தப் பிளேனில் ஏற்றி, வாந்தி இல்லாமல் இறக்க எனக்கு எட்டு வாரம் பிடித்தது. அதில் முதல் இரண்டு வாரம் நான் செய்ததெல்லாம் தப்பு. அந்தத் தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

படிகளின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். எல்லோரும் மாத்திரையில் தொடங்குகிறார்கள். அது ஏழாவது படி.

1. முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை

பயணத்தில் மட்டும் குமட்டுகிறது என்றால் அது நோயில்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "ஆடுகிறோம்" என்கிறது, பிளேனின் உட்சுவரைப் பார்க்கும் கண் "சும்மா உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது. இந்த இரண்டும் ஒத்துப்போகாததால்தான் வயிறு புரளுகிறது.

ஆனால் படுக்கையில் புரண்டாலே தலை சுற்றுகிறது, ஒரு காது மந்தமாகியிருக்கிறது, ஒற்றைத் தலைவலி அடிக்கடி வருகிறது என்றால் பயிற்சியைத் தொடங்காமல் டாக்டரைப் பாருங்கள். கர்ப்பிணி என்றாலும் அப்படியே. அதே தடவையில் மாத்திரையைப் பற்றியும் கேட்டு வைத்துக்கொண்டால் பின்னால் அலைய வேண்டியதில்லை.

2. நிறுத்தும் உரிமை அவருக்கு

தொடங்குவதற்கு முன் இருவரும் ஒன்றைப் பேசி முடிவு செய்யுங்கள். அவர் "நிப்பாட்டு" என்றால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். "இன்னும் ரெண்டு வளைவுதாங்க" என்று கெஞ்சக் கூடாது.

காரணம் இருக்கிறது. மூளை அசைவைப் பழகிக்கொள்வது சின்னச் சின்ன அளவில்தான். குமட்டல் லேசாகத் தலைகாட்டும்போது நிறுத்தி, தணிய விட்டு, மறுபடி போனால் அடுத்த தடவை கொஞ்சம் தாங்கும். வாந்தி வரும்வரை இழுத்துக்கொண்டு போனால் அந்த வேன், அந்த சீட், அந்த வாடை எல்லாமே அவருக்கு வாந்தியின் அடையாளமாகிவிடும்.

நான் அதைத்தான் செய்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமையே கித்துல்கல வரை ஒரே மூச்சில் கூட்டிப்போனேன். "ஒருதரம் கஷ்டப்பட்டா பழகிடும்" என்ற நினைப்பு. கினிகத்தேனை தாண்டி இறக்கத்தில் இரண்டு தடவை வாந்தி எடுத்தார். அதற்குப் பிறகு பத்து நாள் வேன் பக்கமே வரவில்லை. வேன் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே எச்சில் ஊறுகிறது என்றார்.

3. குமட்டலுக்கு ஓர் எண்

ஒரு சின்னக் கொப்பி வாங்குங்கள். ஒன்றுமில்லை என்றால் 0, வாந்தி என்றால் 10. பயணத்தில் அவரே எண்ணைச் சொல்ல வேண்டும். நீங்கள் நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நிறுத்த வேண்டிய இடம் 4.

ஏன் எண்? நம் ஆட்களிடம், அதிலும் ஆம்பிளைகளிடம், "எப்படி இருக்கு?" என்று கேட்டால் வாந்தி தொண்டைக்கு வரும்வரை "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். எண் சொல்வதில் வெட்கமில்லை. அதோடு, நீங்கள் நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருக்கவும் தேவையில்லை. கேட்கக் கேட்க அவர் கவனம் வயிற்றுக்குள்ளேயே போகும்.

எண்ணோடு முதல் அறிகுறியையும் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் அது வேறு. சிலருக்குக் கொட்டாவி, சிலருக்கு உள்ளங்கை வேர்வை. என் வீட்டுக்காரருக்குப் பேச்சு நின்றுபோகும். பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வருகிற மனிதர் சட்டென்று அமைதியானால் 3 வந்துவிட்டது என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு நாலு பயணம் ஆனது.

4. வீட்டில் பத்து நிமிடம்

வேனில் ஏறுவதற்கு முன் ஒரு வாரம் வீட்டில். கையை நீட்டிக் கட்டைவிரலைக் கண்மட்டத்தில் பிடித்து, கண்ணை விரலிலிருந்து எடுக்காமல் தலையை இடவலமாகத் திருப்ப வேண்டும். ஒரு நிமிடம். பிறகு மேலும் கீழுமாக ஒரு நிமிடம். முதலில் உட்கார்ந்து, பழகியதும் நின்று. காதும் கண்ணும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள இது நல்ல பயிற்சி.

அப்புறம் ஊஞ்சல். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குக் கட்டியது இருந்தது. முதலில் கண்ணைத் திறந்து, பிறகு மூடி. 4 வந்தால் இறங்கிவிட வேண்டும்.

மூச்சையும் இப்போதே பழக்குங்கள்: நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. குமட்டல் வந்த பிறகு இதைச் சொல்லிக் கொடுத்தால் மண்டையில் ஏறாது. குமட்டல் இல்லாதபோதே தானாக வருகிற மாதிரி ஆகியிருக்க வேண்டும்.

5. வேன்: இதுதான் உண்மையான பள்ளிக்கூடம்

பிளேனில் ஏறிப் பழகுவதற்கு நம்மிடம் காசு ஏது? ஆனால் மலைநாட்டில் இருக்கிறோம். வளைவுக்குப் பஞ்சமில்லை. பிளேனும் வேனும் ஆட்டத்தில் ஒன்றில்லைதான். பிளேனில் மேலும் கீழுமாகத் தூக்கிப்போடுவதும் உண்டு. இருந்தாலும் வேனில் பழகிய உடம்பு பாதி வேலையை முடித்திருக்கும்.

வாரத்துக்கு மூன்று தடவை போங்கள். இடையில் ஒரு வாரம் விட்டால் பழகியது கரைய ஆரம்பிக்கும். நாங்கள் வைத்திருந்த படிகள் இப்படி:

முதல் வாரம், முன் சீட், டிக்கோயாவிலிருந்து நோர்வூட் வரை. பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், வழியில் நிறுத்த இடமும் உண்டு. இரண்டாவது வாரம் அதே பாதை, நடுச் சீட். மூன்றாவது வாரம் முன் சீட்டுக்கே திரும்பி, மஸ்கெலியா வரை. பாதை கஷ்டமானால் சீட்டைச் சுலபமாக்குங்கள். சீட் கஷ்டமானால் பாதையைச் சுலபமாக்குங்கள். இரண்டையும் ஒரே நாளில் கூட்டியதுதான் எங்கள் மூன்றாவது வாரத்துச் சறுக்கல்.

நாலாவது வாரம் நடுச் சீட்டில் மஸ்கெலியா. ஐந்தாவது வாரம் கினிகத்தேனை, முன் சீட். ஆறாவது வாரம் அதே வழியில் பஸ், பின்பக்கம். பஸ்ஸின் பின்பக்கத்தில் அரை மணி நேரம் 3 தாண்டாமல் இருந்தால் பிளேனுக்குத் தேதி குறிக்கலாம். எங்கள் ஆறாவது வாரம் முடிய எட்டு வாரம் ஆகிவிட்டது. அதிலொன்றும் குறைவில்லை.

வேனுக்குள் அவர் பார்க்க வேண்டியது வளைவின் அடுத்த பக்கத்தை. டிரைவருக்கு ஏன் வாந்தி வருவதில்லை? வண்டி எந்தப் பக்கம் சாயப்போகிறது என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். அதனால் உங்கள் ஆளையும் மனதுக்குள் வண்டி ஓட்டச் சொல்லுங்கள். வளைவு வரும் பக்கம் தலையை லேசாகச் சாய்க்கட்டும்.

வேனில் தொங்கும் வாசனைப் போத்தலை முதல் நாளே கழற்றிவிடுங்கள். பாதிப் பேருக்கு வளைவைவிட அந்த மல்லிகை வாசம்தான் எமன்.

பயிற்சி நாட்களில் மாத்திரை வேண்டாம். காதுக்கும் கண்ணுக்கும் நடக்கும் அந்தச் சண்டையை மாத்திரை அமுக்கிவிடுவதால் மூளைக்குப் பாடம் மெதுவாகத்தான் ஏறும்.

என் மாமியார் சீட்டில் பத்திரிகைத் தாளை விரித்து உட்கார வைப்பார். அப்படி உட்கார்ந்தால் வாந்தி வராதாம். அதில் கெடுதல் ஒன்றுமில்லை, மனதுக்குத் தெம்பு என்றால் விரித்துக்கொள்ளட்டும். அதை எடுத்து வாசிக்காமல் இருந்தால் சரி.

6. டிக்கெட் எடுக்கும்போது: மாதம், நேரம், சீட்

மாதம். மேற்குச் சரிவில் இருக்கும் நமக்குத் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டம்பர் வரை. அந்த நாட்களில் காற்றும் மேகமும் சேர்ந்து ஆட்டும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இடி மழை. முதல் பயணத்துக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம்.

நேரம். காலை முதல் பிளேன். வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, அந்தச் சூட்டுக்காற்று மேலெழும்பும். சின்ன பிளேன் அதன்மேல் போகும்போது குழியில் விழுந்த வேன் மாதிரித் தூக்கிப்போடும். நான் ஏற்றிவிட்டவர்களில் மதியத்துக்குப் பிறகு போனவர்கள்தான் அதிகம் கஷ்டப்பட்டார்கள்.

சீட். இங்கே வந்துபோகும் செஸ்னா கேரவன் ரகப் பிளேனில் இறக்கை கூரைமேல் இருக்கும். விமானிக்கு நேர் பின்னால் உள்ள வரிசை இறக்கைக்குக் கீழே வரும். அங்கே ஆட்டம் குறைவு, விமானியின் தோளுக்கு மேலாக முன்கண்ணாடியும் தெரியும். பின் வரிசையில் வால் ஆடும் ஆட்டமெல்லாம் வயிற்றில் இறங்கும். எடைக் கணக்குக்காகச் சீட்டை அவர்கள்தான் தீர்மானிப்பார்கள். அதனால் பதிவு செய்யும்போதே காரணத்தைச் சொல்லிக் கேட்டு வையுங்கள். படிக்கட்டில் நின்று கேட்டால் பலிக்காது.

7. மாத்திரை: இப்போதுதான்

வேனில் பழகியிருந்தாலும் முதல் பிளேனுக்கு மாத்திரை போடுவது தப்பில்லை. எது, எவ்வளவு என்பது டாக்டரோ பாமசிக்காரரோ சொல்ல வேண்டியது. நீங்கள் கவனிக்க வேண்டியது நேரம். சின்னரிசின் என்றால் புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன். டைமென்ஹைட்ரினேட் என்றால் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால், வயிறு வேலையை நிறுத்தியிருக்கும், மாத்திரை உள்ளே அப்படியே கிடக்கும்.

இறங்குதுறையில் நின்றுகொண்டு மாத்திரையைப் பிரிக்கிறவர்களை வாரத்துக்கு ஒருவரையாவது பார்க்கிறேன். அது கொழும்பில் இறங்கிய பிறகு வேலை செய்யும், நன்றாகத் தூங்கவும் வைக்கும்.

வீட்டில் ஒரு லீவு நாளில் ஒருதரம் போட்டுப் பாருங்கள். சிலருக்கு இந்த மாத்திரைகளில் தூக்கம் அப்படிச் சொக்கும். அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது, குடிக்கவும் கூடாது. கண் அழுத்தநோயோ புரொஸ்டேட் தொந்தரவோ இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம்.

வயிற்று வாந்திக்கு வாங்கிய ஒண்டன்செட்ரான் வீட்டில் மிச்சமிருக்கிறது என்று அதைக் கொடுக்காதீர்கள். பயணக் குமட்டலுக்கு அது பெரிதாகக் கேட்காது.

8. முந்தின இரவும் அன்றைய காலையும்

இரவு கொத்து ரொட்டி வேண்டாம், எண்ணெய்ச் சாப்பாடு வேண்டாம், நேரத்தோடு படுக்கட்டும். தூக்கம் கெட்ட உடம்புக்குக் குமட்டல் சீக்கிரம் வரும்.

காலையில் வெறும் வயிறாக ஏற்றுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தப்பு. "ஒண்ணும் இல்லாட்டி என்னத்த எடுக்கப்போறார்?" என்பார்கள். வெறும் வயிறு இன்னும் மோசமாகப் புரளும். இரண்டு மணி நேரத்துக்கு முன் சம்பல் இல்லாத ஒரு ரொட்டி, அல்லது நாலு கிரீம் கிரேக்கர். பாலும் கோப்பியும் வேண்டாம். இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ அரைக் கோப்பை கொடுங்கள். பிளேனுக்கு முன் பிளேன்டீ என்று எங்கள் விடுதியில் இதற்கு ஒரு கேலிப் பேச்சு உண்டு. இஞ்சி எல்லோருக்கும் கேட்காது, கேட்கிறவர்களுக்கு நன்றாகவே கேட்கும்.

சளி, மூக்கடைப்பு இருந்தால் தேதியை மாற்றுங்கள். இந்தப் பிளேனுக்குள் காற்றழுத்தம் சரிசெய்யும் வசதி கிடையாது. ஆயிரம் மீற்றருக்கு மேலிருந்து கடல்மட்டத்துக்கு அரை மணி நேரத்தில் இறங்கும்போது அடைபட்ட காது வலித்து உயிரை எடுத்துவிடும்.

கைப்பையில்: கெட்டியான இரண்டு பிளாஸ்டிக் பை, ஈரத் துணி, தண்ணீர்ப் போத்தல், இஞ்சி டொபி, ஆரஞ்சுத் தோல் கொஞ்சம். பைகளை ஊதிப் பார்த்து எடுங்கள். ஓட்டைப் பையின் கதையை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

9. இறங்குதுறையிலிருந்து வானம் வரை

முதல் ஆபத்து தரையிலேயே. மிதக்கும் இறங்குதுறை அலையில் மெதுவாக ஏறி இறங்கும். ஐந்து விநாடிக்கு ஒரு தடவை என்ற கணக்கில் வரும் அந்தச் சோம்பல் ஆட்டம்தான் மனித வயிற்றுக்கு மிகவும் ஆகாதது. அதனால் பிளேன் தயாராகும்வரை கரை மண்ணில் நிற்கட்டும். கூப்பிட்ட பிறகு நடந்தால் போதும்.

இரண்டாவது, வாடை. அந்த இயந்திரம் எரிப்பது மண்ணெண்ணெய் ரகம். புகை காற்றில் திரும்பி வந்தால் குப்பி விளக்கை முகத்தருகே பிடித்த மாதிரி இருக்கும். ஆரஞ்சுத் தோலை அப்போது கிள்ளி மூக்கருகே பிடிக்கக் கொடுங்கள்.

ஏறியதும் தலைக்கு மேலுள்ள காற்றுக் குழாயைத் திருப்பி முகத்துக்கு நேராக வையுங்கள். முகத்தில் குளிர்காற்று பட்டால் குமட்டல் தணியும். ஜெர்சியை ஏறுவதற்கு முன்பே கழற்றிவிடட்டும். ஹட்டன் குளிருக்குப் போட்டது கீழே இறங்க இறங்க அவித்துவிடும்.

தண்ணீரில் ஓடி எழும்பும்வரை சத்தமும் அதிர்வும்தான், குமட்டாது. எழும்பிய பிறகு திரும்பும் நேரம்தான் கவனம். பிளேன் சாய்ந்து திரும்பும்போது தலையை வேறு பக்கம் திருப்பினால் காதுக்குள் இருக்கும் திரவம் இரண்டு திசையில் சுழன்று தலை கிறுகிறுக்கும். ஆகவே திரும்பும்போது தலை சீட்டில் சாய்ந்தே இருக்க வேண்டும், அசைக்கவே கூடாது. "அங்க பாருங்க, நம்ம விடுதி!" என்று தோளைத் தட்டாதீர்கள். நான் தட்டினேன். அதுவரை 1-இல் இருந்தவர் கையை மடக்கி நாலு விரல் காட்டினார்.

எதைப் பார்ப்பது? நேர் கீழே பார்க்கக் கூடாது. தேயிலைச் சரிவுகள் ஜன்னலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போவது அழகுதான், வயிற்றுக்கு விஷம். மலைக்குள் அடிவானம் தெரியாது என்பதால் தூரத்து மலைமுகட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். காலையில் வானம் தெளிந்திருந்தால் சிவனொளிபாத மலையின் உச்சி எடுப்பாகத் தெரியும். அதைவிட அசையாத ஒன்று கிடைக்குமா? மலை முடிந்து சமவெளி வந்ததும் அடிவானத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

மேகத்துக்குள் போனால் எல்லாம் வெள்ளை. அப்போது கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, அந்த நாலு–ஆறு மூச்சு. பார்க்க ஒன்றும் இல்லாதபோது கண்ணைத் திறந்து வைப்பதில் பிரயோசனமில்லை.

உங்கள் வேலை பக்கத்தில் சும்மா இருப்பது. போனை நீட்டாதீர்கள், படம் எடுக்கச் சொல்லாதீர்கள், நெற்றியைத் தடவாதீர்கள். இயந்திரச் சத்தத்தில் பேச முடியாது என்பதால் எண்ணுக்கு விரல். இரண்டு வரை விடுங்கள். மூன்று என்றால் டொபி. நாலு என்றால் ஈரத் துணியைப் பிடரியில் வைத்து, மூச்சை நீங்களும் சேர்ந்து எண்ணுங்கள். நாங்கள் போன அரை மணி நேரத்தில் நாலு விரல் இரண்டு தடவை. அதற்கு மேல் போகவில்லை.

அருவியைச் சுற்றிக் காட்ட வேண்டாம் என்று விமானியிடம் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சுற்றுலாக்காரர்கள் கேட்டுக் கேட்டு அது அவர்களுக்குப் பழக்கமாகியிருக்கும்.

10. அப்படியும் வந்துவிட்டால்

பை அவர் கையில் இருக்க வேண்டும், உங்கள் கைப்பையில் இல்லை. எடுத்த பிறகு வாயைக் கொப்பளிக்க ஒரு மிடறு தண்ணீர், பையை முடிச்சுப் போட்டுக் காலடியில், முகத்துக்குக் காற்று. மற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், அது அவரை இன்னும் கூச வைக்கும்.

வாந்திக்குப் பிறகு சற்று நேரம் நன்றாக இருக்கும். அந்த இடைவெளியில் கண்ணை மூடித் தூங்க முயலட்டும். கொப்பியில் நேரத்தை எழுதுங்கள். எழும்பும்போதா, மேகத்திலா, இறங்கும்போதா என்பது தெரிந்தால் அடுத்த தடவைக்கு அந்த இடத்தை மட்டும் சரிசெய்தால் போதும்.

11. இறங்கிய பிறகு

உடனே காரில் ஏற்றாதீர்கள். இருபது நிமிடம் நடக்கட்டும், நிழலில் உட்காரட்டும். மாத்திரை போட்டிருந்தால் அன்று முழுக்க வண்டி ஓட்டக் கூடாது. சோறு ஒரு மணி நேரம் கழித்து.

வீட்டுக்குத் திரும்புவதை ரயிலில் வையுங்கள். கோட்டையிலிருந்து ஹட்டனுக்கு ரயில் மெதுவாகத்தான் ஏறும், எழுந்து நடக்கலாம், கதவோரக் காற்றும் உண்டு. களைத்த உடம்பை அன்றே மறுபடி வளைவுப் பாதையில் ஏற்றிச் சோதிக்க வேண்டாம். வேன் பயிற்சியை இரண்டு நாள் கழித்து, வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தொடருங்கள். நாங்கள் புதன்கிழமை நோர்வூட் சந்தைக்கு வேனில் போய் வருகிறோம். அவர் இப்போது நடுச் சீட்டில்தான் உட்காருகிறார். முன் சீட் எனக்கு.